பல்லில் பாண்டிங் எவ்வளவு பிடிக்கிறது? ஐந்து குப்பிகள், ஓர் ஒப்பீடு

பாண்டிங் ஏஜென்ட், அதாவது பல்லையும் அடைப்பையும் ஒட்டவைக்கும் திரவப் பசை, விற்க வருகிறவர் மேசைமேல் வைக்கும் துண்டறிக்கையில் ஒரு பட்டை வரைபடம் கட்டாயம் இருக்கும். அதில் அவர் குப்பிக்கு உரிய பட்டைதான் எப்போதும் உயரம். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார். அவருடைய வரைபடத்தில் முதல் குப்பி குட்டையாகியிருக்கும். பெரும்பாலும் இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை. சோதனை முறை வேறு, பல் வேறு, எத்தனை நாள் ஊறவைத்து இழுத்தார்கள் என்பதும் வேறு.

நம் ஊர் கிளினிக்குகளில் அதிகம் புழங்குகிற, அல்லது வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கப்படுகிற ஐந்து பொருட்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்: கிளியர்ஃபில் எஸ்இ பாண்ட், ஆப்டிபாண்ட் எஃப்எல், ஸ்காட்ச்பாண்ட் யுனிவர்சல், அட்பர் சிங்கிள் பாண்ட் 2, ஜி-ப்ரீமியோ பாண்ட். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிளியர்ஃபில் எஸ்இ பாண்ட், கூடவே எனாமல் (பல்லின் வெளி ஓடு) ஓரத்துக்கு 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல். ஒரே குப்பியில் வேலை முடிய வேண்டும், உடைந்த பீங்கான் கிரவுனையும் அவ்வப்போது ஒட்ட வேண்டும் என்றால் ஸ்காட்ச்பாண்ட் யுனிவர்சல். மற்ற மூன்றும் மோசமானவை அல்ல. ஆனால் கையாளுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும்.

எண்களைப் படிக்கும் விதம்

ஒரு மெகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன், ஏறக்குறைய நூறு கிராம் எடை. 20 மெகாபாஸ்கல் பிடிமானம் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர் ஒட்டு சுமார் இரண்டு கிலோவைத் தாங்கும். காம்போசிட் (பல் நிறப் பிசின் அடைப்பு) இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்குகிறது. அந்த இழுப்புக்கு ஒட்டு பிளக்காமல் நிற்க 17 முதல் 20 மெகாபாஸ்கல் வேண்டும் என்பது பாடநூல்களில் பொதுவாகக் காணும் கணக்கு. இங்கே எடுத்துக்கொண்ட ஐந்துமே நல்ல டென்டினில் (எனாமலுக்கு உள்ளே உள்ள அடுக்கு), முதல் நாளில், இதைத் தாண்டிவிடும். ஆகவே முதல் நாள் எண்ணை வைத்து ஒன்றை உயர்த்திப் பேசுவதில் பொருளில்லை.

சோதனையிலேயே இரண்டு வகை உண்டு. ஷியர் சோதனையில் பல்லின்மேல் ஒட்டிய காம்போசிட் உருளையைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்ப்பார்கள். மைக்ரோடென்சைல் சோதனையில் ஒட்டிய பல்லைச் சுமார் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குச்சிகளாக அறுத்து, இரு முனையையும் பிடித்து இழுப்பார்கள். 1994-இல் சானோ குழு அறிமுகப்படுத்திய முறை இது. பரப்பு சிறியதாக இருந்தால் அதற்குள் குமிழியோ விரிசலோ இருக்கும் வாய்ப்பும் குறைவு; அதனால் எண் கூடும். ஒரே குப்பி ஷியரில் 20, மைக்ரோடென்சைலில் 45 என்று காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் எண்ணோடு ஒப்பிடுவதுதான் தவறு.

அறிக்கையில் அடிக்குறிப்பாகக் கிடப்பதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அறுக்கும்போதே உடைந்துபோன குச்சிகளைப் பூஜ்ஜியமாக எண்ணினார்களா, கணக்கிலிருந்தே விட்டுவிட்டார்களா? விட்டுவிட்டால் சராசரி தானாக ஏறும். தட்டையாகத் தேய்த்த பல்லா, குழியா? தட்டைப் பரப்பில் காம்போசிட் சுதந்திரமாகச் சுருங்கலாம். ஐந்து சுவர்களும் ஒட்டியிருக்கிற கிளாஸ் 1 குழியில் அந்த வசதி இல்லை. மனிதப் பல்லா, மாட்டுப் பல்லா? 24 மணி நேரத்தில் இழுத்தார்களா, தெர்மோசைக்கிளிங் செய்தார்களா? 5 டிகிரி, 55 டிகிரி நீரில் மாற்றி மாற்றி 500 சுற்று முக்கியதை வைத்து ‘நீண்டகால உறுதி’ என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். வாய்க்குள் ஓராண்டுக்கு ஈடாகப் பலரும் எடுத்துக்கொள்வது 10,000 சுற்றுகளை.

சோதனைக்கூட எண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைக் காட்ட ஒரு சான்று போதும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தின் பியூமன்ஸ் குழு, ஈறோரத் தேய்மானங்களில் வைத்த அடைப்புகளைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டது. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழன்றது என்ற கணக்கில் மிகக் குறைவு கிளாஸ் அயனோமர் (தானாகவே பல்லோடு ஒட்டும் சிமென்ட்): 2.0. மென்மையான (அமிலம் குறைந்த) இரண்டு படி செல்ஃப் எட்ச், அதாவது தனி ஜெல் இல்லாமல் பிரைமர் என்ற முதல் பூச்சின் அமிலமே பல்லை அரிக்கும் வகை, 2.5. அமில ஜெல் வைத்துக் கழுவும் மூன்று படி எட்ச் அண்ட் ரின்ஸ் 3.1. மென்மையான ஒரு படி 3.6. இரண்டு படி எட்ச் அண்ட் ரின்ஸ் 5.8. கடும் அமிலமுள்ள இரண்டு படி செல்ஃப் எட்ச் 8.4. மெகாபாஸ்கல் வரைபடத்தில் கடைசியில் நிற்கும் கிளாஸ் அயனோமர் இங்கே முதலிடம்! பல்லோடு வேதியியல் முறையில் பிணைவதும், நீரால் எளிதில் சிதையாமல் இருப்பதும் முதல் நாள் வலுவைவிட முக்கியம் என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

எனாமல் ஒரு கதை, டென்டின் வேறு கதை

எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. 1955-இல் புவனகோர் 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டை 30 விநாடி வைத்துக் காட்டியதிலிருந்து அடிப்படை மாறவில்லை. இன்று 37 சதவீதம், 15 முதல் 30 விநாடி. கழுவி உலர்த்தியதும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகத் தெரிந்தால் சரி. அந்த வெண்மை வராத இடம் ஒட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் எட்ச் பிரைமர் மட்டும் போட்டால் எனாமலில் இந்த ஆழம் கிடைக்காது. அடைப்பு விழாது, ஆனால் சில ஆண்டுகளில் ஓரம் பழுப்பேறும், மெல்லிய துணுக்குகள் பெயரும்.

டென்டினில் தாது 70 சதவீதம்தான்; மீதி கொலாஜனும் நீரும். மேல்பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 நுண்குழாய்கள், பல்ப் (பல்லின் நடுவிலுள்ள உயிர்த்திசு) அருகே 45,000. ஆழம் கூடக் கூட ஈரமும் கூடும், ஒட்டுவதற்கான திடப்பரப்பு குறையும். மேலோட்டமான டென்டினில் வாங்கிய எண்ணைக் காட்டி ஆழமான குழிக்கு உறுதி சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபுளூரோசிஸ் (நீரிலுள்ள அதிக ஃபுளோரைடால் வரும் பாதிப்பு) எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் இளகாது. மேற்பரப்பை நுண் டைமண்ட் பரால் (குடையும் முனை) லேசாக உரசிவிட்டு, ஜெல்லை வழக்கமான நேரத்தைவிட இருமடங்காவது விட வேண்டும். செல்ஃப் எட்ச் பிரைமரை மட்டும் நம்பினால் அங்கே நிச்சயம் ஏமாற்றம். கரியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தவர்களின் ஈறோரப் பள்ளங்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். கண்ணாடிபோல மினுங்கும் அந்த மஞ்சள் டென்டினில் நுண்குழாய்கள் தாதுவால் அடைபட்டிருக்கும். பிசின் உள்ளே இறங்க வழியில்லை. ஒரு ரவுண்டு பரால் மினுமினுப்பு போகும்வரை சுரண்டிய பிறகே பாண்டிங்.

கிளியர்ஃபில் எஸ்இ பாண்ட்

குராரேயின் தயாரிப்பு; 1999 முதல் சந்தையில் இருக்கிறது, இப்போது எஸ்இ பாண்ட் 2-உம் கிடைக்கிறது. இரண்டு குப்பி: பிரைமர், பாண்ட். பிரைமரின் பி.எச். சுமார் 2. இதன் பலம் 10-எம்டிபி என்ற மோனோமர் (பிசினின் அடிப்படை மூலக்கூறு). குராரே 1981-இல் உருவாக்கிய இது, பல்லின் கால்சியத்தோடு சேர்ந்து நீரில் எளிதில் கரையாத உப்பாகி, அடுக்கடுக்காகப் படிகிறது. ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 4 நானோமீட்டர். கொலாஜனைச் சுற்றித் தாது மிச்சம் இருப்பதால்தான் இந்தப் பிணைப்பு நடக்கிறது.

முறை எளிது. ஜெல்லை மெல்லிய ஊசிமுனையால் எனாமல் ஓரத்தில் மட்டும் வைத்து 15 விநாடி, கழுவல், உலர்த்தல். பிறகு பிரைமர் 20 விநாடி, கழுவக் கூடாது, மென்காற்று. பாண்ட் பூசி, காற்றால் சமமாக்கி, 10 விநாடி லைட். இதில் பெரும்பாலோர் தவறுவது முதல் படியில். ஜெல் டென்டினுக்குள் வழிந்தால் எம்டிபி பிடித்துக்கொள்ள வேண்டிய தாது கரைந்துபோய், பிடிமானம் குறைகிறது. தண்ணீர்போல ஓடும் ஜெல் இந்த வேலைக்கு ஆகாது. வைத்த இடத்தில் நிற்கும் கெட்டி ஜெல் வேண்டும்.

லூவனில் இதை 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். எனாமல் ஓரத்தைத் தனியாக எட்ச் செய்ததால் அடைப்பு நிற்கும் வீதம் பெரிதாக மாறவில்லை. ஓரச் சிதைவுகள் குறைந்தன. முன்பற்களில் அதுவே போதுமான காரணம். குறை என்றால், குளிர்பெட்டி வேண்டும்: 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். இரண்டு குப்பியும் ஒரே வேகத்தில் தீராது என்பதும் எரிச்சல்தான்.

ஆப்டிபாண்ட் எஃப்எல்

கெர் நிறுவனத்தின் பழைய குதிரை. மூன்று படி எட்ச் அண்ட் ரின்ஸ் வகையில் மற்றவற்றை அளக்கும் அளவுகோல் இன்னும் இதுதான். டென்டினில் ஜெல் 15 விநாடிக்கு மேல் கூடாது. கழுவி, ஈரம் தெரியாமலும் காய்ந்துபோகாமலும் ஒற்றி எடுத்து, பிரைமரை 15 விநாடி அழுத்தித் தேய்த்து, 5 விநாடி காற்று. பிறகு கெட்டியான அட்ஹீசிவ். 20 விநாடி லைட். அட்ஹீசிவில் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 48 சதவீதம், ஃபில்லர். அந்தத் தடித்த அடுக்கு காம்போசிட்டின் சுருக்கத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. எக்ஸ்ரேயிலும் தெரிகிறது, மற்றக் குப்பிகளின் அடுக்கைப்போலச் சொத்தை என்று ஏமாற்றாது. பிரைமரில் நீரும் எத்தனாலும் இருப்பதால் டென்டின் சற்று அதிகமாகக் காய்ந்திருந்தாலும் கொலாஜன் மறுபடி விரியும்.

எனாமல் அதிகமுள்ள முன்பல் வேலைக்கு இதற்கு மேல் வேறொன்றைச் சொல்ல மாட்டோம். ஆனால் அடைப்புக்கு அடைப்பு ரப்பர் டாம் (எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பு) போடாத, நாற்காலி காலியாகாத கிளினிக்கில் இந்த மூன்று படிகளும் ஒழுங்காக நடக்கும் என்று எதிர்பார்ப்பது அதிகம். தடித்த அடுக்கு என்பதால், வெளியே செய்து ஒட்டும் இன்லேயின் கீழே தேங்கிவிட்டால் இன்லே முழுதாக உட்காராது.

ஸ்காட்ச்பாண்ட் யுனிவர்சல்

3எம் கொண்டுவந்தது, 2024 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு சால்வென்டம் என்று பிரிந்துவிட்டதால், பெட்டியில் பெயர் மாறியிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். பி.எச். 2.7, எம்டிபி, ஹீமா (நீர்விரும்பி மோனோமர்), எத்தனால், நீர், சைலேன் (பீங்கானைப் பிசினோடு பிணைப்பது) எல்லாம் ஒரே குப்பியில். செல்ஃப் எட்ச், எனாமல் மட்டும் எட்ச், முழு எட்ச் என மூன்று வழியிலும் போடலாம். ஜெல் தெரியாமல் டென்டினைத் தொட்டுவிட்டாலும் எஸ்இ பாண்டைப்போல முகம் சுளிக்காது; இதுதான் இதன் பெரிய வசதி.

20 விநாடி தேய்க்க வேண்டும் என்றால் தேய்க்கத்தான் வேண்டும். மைக்ரோ பிரஷ்ஷால் தொட்டு எடுத்தால் அமிலம் ஸ்மியர் அடுக்கோடேயே (குடைந்ததில் படிந்த தூள்) செலவாகிவிடும். கடிகாரம் பார்க்காமல் மனசுக்குள் எண்ணினால் பெரும்பாலும் எட்டு, பத்து விநாடியில் கை நின்றுவிடும். அடுத்து 5 விநாடி காற்று, 10 விநாடி லைட். காற்று அடிக்கும்போது குழியைக் கூர்ந்து பாருங்கள்: முதலில் திரவம் அலையாக ஓடும்; கரைப்பான் போகப் போக அலை தடித்து, கடைசியில் காற்று பட்டாலும் அசையாத ஒரு பளபளப்பு மட்டும் நிற்கும். அலை நிற்பதற்கு முன்பே லைட்டை வைத்தால் நீரும் எத்தனாலும் பிசினுக்குள் சிக்கி, அடுக்கு ஊறிய தோலாகவே இருக்கும். ஐந்து விநாடியில் அசைவு நிற்காவிட்டால் பத்து ஆகட்டும்.

பீங்கான் பழுதுபார்க்க இதிலுள்ள சைலேன் மட்டும் போதும் என்ற விளம்பரத்தை முழுசாக ஏற்க முடியவில்லை. அமிலக் குப்பிக்குள் சைலேன் நாளடைவில் வீரியம் இழக்கும். கண்ணாடி வகைப் பீங்கானுக்குத் தனி சைலேன் பூசிவிட்டு இதைப் போடுவது நல்லது. சர்கோனியாவுக்கு எம்டிபி இருப்பதால் கவலையில்லை. இதே யுனிவர்சல் வரிசையில் பிஸ்கோவின் ஆல்-பாண்ட் யுனிவர்சலுக்கு பி.எச். 3.2, அதை எடுப்பவர்கள் எனாமலுக்கு ஜெல் போடாமல் விடவே கூடாது.

அட்பர் சிங்கிள் பாண்ட் 2

பல் மருத்துவக் கல்லூரிகளில் கைபழகியதால் பலரும் இன்றுவரை வாங்குகிற குப்பி. ஜெல் 15 விநாடி, 10 விநாடி கழுவல், ஒற்றல், அடுத்தடுத்து இரண்டு மூன்று பூச்சாக 15 விநாடி தேய்ப்பு, 5 விநாடி காற்று, 10 விநாடி லைட். எத்தனால்–நீர் கரைப்பான், 10 சதவீத நானோ ஃபில்லர்.

எனாமலில் குறை சொல்ல இடமில்லை. ஃபிஷர் சீலன்ட், உடைந்த முன்பல் நுனி, ஆர்த்தோ பிராக்கெட் சார்ந்த வேலைகளுக்கு நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். ஆழமான டென்டினில்தான் சிக்கல். அமிலம் தாதுவைக் கழுவிவிட்ட ஆழம் முழுக்கப் பிசின் இறங்காது. அடியில் வெறும் கொலாஜன் நிற்கும். அதை டென்டினிலேயே உள்ள எம்எம்பி என்ற நொதிகள் மெல்ல அரிக்கும். மேலே பூசிய பிசினும் நீர்விரும்பி, வெளியிலிருந்து ஈரத்தை இழுக்கும். முதல் நாள் 40 காட்டியது ஓராண்டு நீரில் கிடந்தபின் சரிவது இதனால்தான். 2 சதவீத குளோர்ஹெக்சிடினை எட்ச் செய்த டென்டினில் அரை நிமிடம் தேய்த்து, கழுவாமல் ஒற்றிவிட்டுப் பாண்டிங் போட்டால் நொதிகளின் வேகம் குறையும். நிரந்தரத் தீர்வு அல்ல.

அடைத்த மறுநாள் குளிர்ந்த தண்ணீர் கூசுகிறது, கடித்தால் வலிக்கிறது என்று திரும்பி வருபவர்களுக்கு, இந்த வகைக் குப்பியில் கையாளும் விதமே பல நேரம் காரணம். 15 விநாடி என்பது 30 ஆவது, பிறகு த்ரீ-வே சிரிஞ்சின் காற்றால் வெளுக்க வெளுக்க உலர்த்துவது: இரண்டும் சேர்ந்தால் கொலாஜன் வலை படுத்துவிடும், நுண்குழாய் மூடாது. டென்டினை ஊதி உலர்த்தாமல், ஈரமான காட்டன் உருண்டையைப் பிழிந்து ஒற்றுவது பாதுகாப்பு.

ஜி-ப்ரீமியோ பாண்ட்

ஜிசியின் வேகமான குப்பி. பி.எச். 1.5, ஹீமா கிடையாது, கரைப்பான் அசிட்டோன். பூசி 10 விநாடி விட்டு, 5 விநாடி முழு வேகக் காற்று, 10 விநாடி லைட். ஹீமா இல்லாததால் அசிட்டோன் பறந்ததும் நீர் தனியே பிரிந்து நுண்துளிகளாக நிற்கும். அவற்றை விரட்டத்தான் அந்த முழு வேகம். நிறையப் பேர் எல்லாக் குப்பிக்கும் ஒரே மென்காற்றைக் காட்டுவார்கள். இங்கே அது நேர் எதிரான பலன் தரும். அப்படி அடிக்கும்போது ஈறில் தெறிக்கும் என்பதால் சக்‌ஷன் பக்கத்திலேயே இருக்கட்டும். பட்ட இடம் வெள்ளையாகும். ஹீமா ஒவ்வாமை உள்ள மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இந்தப் பட்டியலில் இது ஒன்றே வழி. அசிட்டோன் என்பதால் மூடியை ஒரு நிமிடம் திறந்து வைத்தாலும் இழப்பு. கிண்ணியில் முன்கூட்டியே சொட்டு விட்டுவைக்கும் பழக்கம் உள்ள இடத்தில் வாங்காதீர்கள்.

குப்பி எதுவானாலும் பிடிக்காமல் போகும் இடங்கள்

கம்ப்ரசரை முதலில் பாருங்கள். த்ரீ-வே சிரிஞ்சின் காற்றை முகம் பார்க்கும் கண்ணாடியில் பத்து விநாடி அடித்தால் திவலையோ எண்ணெய்ப் படலமோ தெரியக் கூடாது. தெரிந்தால் அந்தக் காற்று அத்தனை பாண்டிங்கின்மேலும் படிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரத்தில் டாங்கியின் அடியிலுள்ள நீரை தினமும் வடிக்க வேண்டும்.

பிளீச்சிங் செய்த பல்லில் மிச்ச ஆக்சிஜன் பிசின் இறுகுவதைத் தடுக்கும். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். யூஜினால் உள்ள தற்காலிகச் சிமென்ட் வைத்த பல்லிலும் கவனம் தேவை. ரத்தம் நிறுத்தப் போட்ட அலுமினியம் குளோரைடு, ஃபெரிக் சல்பேட் மிச்சம் செல்ஃப் எட்ச்சின் பிடிமானத்தைக் கெடுக்கும். நன்றாகக் கழுவி, அந்த இடத்தை பரால் லேசாகப் புதுப்பித்தபிறகே அடுத்த படி. எச்சில் பட்டுவிட்டால் ஊதி விடுவது தீர்வல்ல. கழுவி, உலர்த்தி, பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கிரவுனுக்கு அடியில் பல்லைக் கட்டி எழுப்பும் கோர் பில்டப்புக்குத் தானாக இறுகும், அல்லது லைட்டாலும் தானாகவும் இறுகும் டூயல் க்யூர் காம்போசிட் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு குப்பிப் பாண்டிங்கின் மேலடுக்கில் மிஞ்சும் அமிலம், அந்தக் காம்போசிட்டின் அமீனைச் செயலிழக்கச் செய்யும். ஒட்டும் இடத்தில் மட்டும் இறுகாமல், பில்டப் முழுசாகக் கையோடு வரும். நிறுவனம் சொல்லும் ஆக்டிவேட்டரைச் சேருங்கள், அல்லது ஆப்டிபாண்ட் எஃப்எல்போல அமிலமற்ற மேல்பூச்சுள்ளதை எடுங்கள்.

லைட் பற்றி: பக்கப் பெட்டிக் குழியின் தரை, லைட் முனையிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். குப்பியின் அட்டைப்பெட்டியில் எழுதிய 10 விநாடி, முனை பல்லை ஒட்டி நிற்கும்போதுதான். அங்கே 20 விநாடி கொடுங்கள். வாரம் ஒருமுறை லைட்டின் வலுவை ரேடியோமீட்டரில் அளந்து, முனையில் ஒட்டிய காம்போசிட் துணுக்கைச் சுரண்டி எடுப்பது விலையுயர்ந்த குப்பி வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

சேமிப்பில் நம் வெயிலுக்கு ஏற்ற எச்சரிக்கை தேவை. ஸ்காட்ச்பாண்ட் யுனிவர்சலுக்கே 25 டிகிரிதான் உச்சவரம்பு. மே மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ பூட்டிய கிளினிக்கின் அலமாரி அதைவிட வெகு அதிகம் சுடும். ஆன்லைனில் தருவித்தால் கூரியர் கிடங்கில் இரண்டு மூன்று நாள் கிடந்து வரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்; கோடையில் உள்ளூர் டீலரிடம், அவர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதை வாங்குவது நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் உடனே சொட்டக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் கரைப்பான் பறக்க நேரமெடுக்கும். சொட்டு வழக்கத்தைவிடக் கெட்டியாக, நூல் இழுத்து விழுந்தால், காலாவதித் தேதி இன்னும் ஓராண்டு இருந்தாலும் அந்தக் குப்பியைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.